கடைவாயில் ஒரு துண்டு

உலகப் போர் முடிந்து, எங்கள் தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடந்த வருஷம் அது. வியாபாரி ஒருவரின் கொட்டகையில், அழுகிய சிப்பிகளைத் தொட்டியில் போட்டுக் கழுவி முத்தெடுக்கும் வேலை எனக்கு. முத்தை விழுங்கிவிடுவோமாம், அதனால் வேலை முடியும்வரை வாயருகே கை போகக் கூடாது.

அன்று தொண்டை புண்ணாகிக் குரலே எழும்பவில்லை. சர்க்கரை ரேஷனில் இருந்த காலம். மிட்டாய்க்கு எங்கே போவது? காய்ந்த சித்தரத்தைத் துண்டு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கியபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, வாய்க்குள்ள என்னத்தலே ஒளிச்சு வச்சிருக்க?" என்றான் கங்காணி.

பதில் சொல்லக் குரல் வரவில்லை. எடுத்துக் காட்டலாம் என்று கையை வாய்க்குக் கொண்டுபோனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"முழுங்குதான், பிடிங்கலே!" என்று கத்தியபடி தடியால் என் தாடையில் அடித்தான். இரண்டு பேர் என்னை மணலில் அமுக்கினார்கள். மறுபடியும் அடித்தான். ரத்தத்தோடு வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது. அவன் பாய்ந்து எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசி, வெயிலில் உயர்த்திப் பார்த்தான்.

என் பல். பக்கத்தில் மணலில் சித்தரத்தைத் துண்டும் கிடந்தது.

"சீ!" என்று பல்லை என் மேலேயே விட்டெறிந்தான். "போயி வேலையப் பாருலே."

நானும் போய்த் தொட்டியில் கைவிட்டேன்.

அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தொண்டை கட்டினால் இப்போதும் சித்தரத்தைதான். பல் போன அந்தக் குழியில் துண்டு கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.