பூட்டிய கதவும் வசந்தாமணியின் கிறுகிறுப்பும்

முதல் முறை களத்தில் தலை சுற்றியபோது காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்றார்கள். அடுத்த முறை பித்தம் என்றார்கள். அதற்கும் அடுத்த முறை வசந்தாமணி காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியின் மேலேயே சாய்ந்தாள். மேஸ்திரி செங்கோட்டையன் சொன்னதுதான் அவளுக்கு உறைத்தது.

"இன்னொருக்கா உழுந்தீனா ஊட்லயே இருந்துக்க அம்மிணி. ஏதாச்சு ஆயிப்போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

சேந்தமங்கலத்தை ஒட்டிய சேகோ ஆலை அது. சிமெண்ட் களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பி, உச்சி வெயிலில் பலகையால் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. வசந்தாமணியின் கணவன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். பணம் அனுப்புவது அவன் மனதைப் பொறுத்தது. மகள் நாமக்கல்லில் படிக்கிறாள். களத்து வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடித்தாள். இது பிரஷர் என்று யாரோ சொல்ல, உப்பை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள். வியர்வையில் உப்பைக் கொட்டும் உடம்புக்கு உப்பும் இல்லை, சோறும் இல்லை. கிறுகிறுப்பு கூடியது. விரதத்தில் ஏதோ குறை என்றார்கள், வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். சாமி கைவிட்டால் கும்பிட்டவள் மீதே பழி விழுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் பெரிய கெட்டிக்காரன்.

பிறகு சேலத்தில், பணக்காரர்கள் வசிக்கும் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காந்த வைத்தியசாலை. குளிரூட்டிய அறையில் ஒருவர் அவள் உள்ளங்கையை அமுக்கி, உடம்பில் சக்தி ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று சொல்லிக் கழுத்தில் காந்த மாலையைப் போட்டுவிட்டார். அன்று முழுக்கத் தலை சுற்றவில்லை. மறுநாள் களத்தில் மாலையோடுதான் தடுமாறினாள். பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்த பிரபா தாங்கிப் பிடித்ததால் மேஸ்திரி கண்ணில் படவில்லை.

பிரபாதான் அவளைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். செவிலியர் ரஞ்சிதா அவளைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தாள். நின்றதும் அது சரிந்தது.

"களத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"அங்க குடிக்க மாட்டமுங்க."

"ஒரு வாய் கூடவா?"

"குடிச்சா எங்கீங்க போறது?"

ரஞ்சிதா அவள் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தாள். "இதைப் போட்டுவிட்ட எடத்துல தண்ணி குடுத்தாங்களா?"

"ஒரு சொம்பு சுடுதண்ணி. கக்கூசும் பளபளன்னு இருந்துச்சுங்க. ரெண்டு தடவ போனேன்."

சொல்லி முடிக்கும்போதே வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காந்தத்தை அவளே கழற்றினாள்.

விரதம் வேண்டாம், காலையில் சாப்பிடுங்கள், நாள் முழுக்கத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள், படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள் என்றாள் ரஞ்சிதா. பரிசோதனைக்கு ரத்தமும் எடுத்தாள். இதற்கும் நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வேறு காரணமும் இருக்கலாம் என்றாள்.

நல்ல யோசனைகள்தாம். அவற்றைச் செய்ய ஒரு கதவு திறக்கவேண்டும். ஆலையில் கழிப்பறை உண்டு. அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காகக் கட்டியது, எப்போதும் பூட்டியிருப்பது. புதிதாக வரும் பெண்ணுக்குப் பலகை பிடிக்கச் சொல்லித்தரும்போதே, தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் மற்ற பெண்கள் சொல்லித்தருவார்கள். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. பழக்கம் என்பார்கள்.

மறுநாள் வசந்தாமணி களத்தில் எல்லோரும் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தாள்.

"ஏனக்கா, தெரிஞ்சுதான் குடிக்கறயா? பொறகு?" என்றாள் பிரபா.

"பொறகு சாவி கேக்கோணும்."

கேட்டாள். செங்கோட்டையன் முகம் சுளித்தார். "சாவி மொதலாளிகிட்ட இருக்குது. இத்தன வருசம் இல்லாத மகாராணித்தனம் இப்ப என்னத்துக்கு?"

"மகாராணிக்கு மட்டுந்தான் ஒண்ணுக்கு வருமுங்களா?"

களம் சிரித்தது. அந்நேரம் கொல்லிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அத்தனை ஜவ்வரிசியும் பாழ். "அள்ளுங்க, அள்ளுங்க" என்று செங்கோட்டையன் அங்குமிங்கும் ஓடினார். வசந்தாமணி நகரவில்லை. பிரபா பலகையைக் கீழே வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், தன் சட்டைப்பையில் கைவிட்டார். சாவி அங்கேதான் இருந்தது.

கதவைத் திறந்தால் உள்ளே கூரைவரை காலிச் சாக்குகள். இழுத்து வெளியே எறிந்தார்கள். வசந்தாமணி உள்ளே போய்த் திரும்பிய பிறகுதான் அள்ளத் தொடங்கினார்கள். ஓர் ஓரம் நனைந்தது.

"நாளைக்கு உனக்கு வேல உண்டான்னு மொதலாளியத்தான் கேக்கோணும்" என்றார் செங்கோட்டையன்.

"கேளுங்க. நான் எப்பவும்போல வந்தர்றேன்."

வேலை போகவில்லை. கருணையால் அல்ல, அவளை அனுப்பினால் மற்றவர்களும் பலகையை வைத்துவிடுவார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பரிசோதனையில் ரத்தசோகையும் தெரிந்தது, மாத்திரை சாப்பிடுகிறாள். கிறுகிறுப்பு குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வருவதில்லை. இன்று காலை அவளும் பிரபாவும் காலிக் குடங்களோடு மேஸ்திரியின் முன்னால் போய் நிற்கிறார்கள்.