சீனி போடாத காபி

என் மகளும் மருமகனும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சபையில் வாய் தவறியும் சொல்லக்கூடாது. மகள் போட்ட சட்டம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு; பக்கத்து நாட்டுப் போரில் வீடு வாசலை இழந்து ஓடிவந்தவர்கள் நிறையப் பேர் தங்கியிருக்கும் நாடு. அந்த மண்ணிலேயே பிறந்த ஒரு போதகரின் சின்னச் சபையோடு சேர்ந்து, அந்த அகதிகள் மத்தியில் இவர்கள் ஊழியம் செய்கிறார்கள். மிஷனெரி ஞாயிறன்று இவ்வளவையும் நான் எழுந்து நின்று சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் மறித்து, "எத்தன பேரு இரட்சிக்கப்பட்டாகண்ணே?" என்று கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எடை போட்டுச் சொல்ல அது என்ன ஏலக்காய் மூட்டையா?

ஆனால் அதே கேள்வியை வேறு மாதிரி நானும் மகளிடம் கேட்டிருக்கிறேன். "அங்கன என்னதான் ஆத்தா செய்றீக?" என்றேன்.

"மெத்த, போர்வை குடுக்குறோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறோம். ஆபீசு ஆபீசா அவுக கூடப் போயி வரிசையில நிக்கிறோம். மத்த நேரம் காபி போட்டுக் குடுத்துட்டு அவுக பேசுறதக் கேக்குறோம்."

"காபி போடவா இம்புட்டுத் தூரம் போன?"

"கேக்கத்தான்ப்பா ஆளில்ல அவுகளுக்கு. நாங்க யாரு, எதுக்கு வந்தோம்னு அவுகளே கேப்பாக. அப்பச் சொல்றோம்."

சபை, ஜெபம் இதற்கெல்லாம் என் மனைவிதான் ஆள். நான் அவளைக் கோயிலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் டிரைவர். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டில்தான் நடக்கும். பாய் விரிப்பதும் கடைசியில் டீ வாங்கி வருவதும் என் பங்கு. மகள் அங்கே போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் வீடே அதிரக் கத்தினேன். மனைவி துணிகளை மடித்துக்கொண்டே, "ஆளுகள அனுப்பும் ஆண்டவரேன்னு வாரா வாரம் கேட்டோம்ல. அடுத்த வீட்டுப் பிள்ளையத்தான் அனுப்புவாருன்னு நெனச்சீகளா?" என்றாள். பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

போன கொஞ்ச நாளில் மகள் போனில் ஒன்று சொன்னாள். அந்த அகதிப் பெண்கள் ஏலக்காய் இல்லாத காபியைக் காபி என்றே ஒத்துக்கொள்வதில்லையாம். அட, இது நம்ம சரக்கு! போடியில் ஏலக்காய் வாங்கி விற்றே தலை நரைத்தவன் நான். பெரிய பச்சைக் காயெல்லாம் அரபு நாடுகளுக்குப் போய்விடும். வெளுத்ததும் வெடித்ததும்தான் நம் ஊர்ப் பாயசத்துக்கு. இத்தனை வருஷமும் அங்கே யார் குடிக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கினேன். மனைவி பையைத் தைத்தாள்.

கொண்டுபோய்ச் சேர்த்தது கம்பத்து பாய் வீட்டு ஆள். பாய் என் பழைய வியாபாரக் கூட்டாளி. அவருடைய தங்கை மகனுக்கு அதே நாட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு முறை லீவு முடிந்து திரும்பும்போதும் ஏலக்காய்ப் பையை எடுத்துப் போவார். சபைக்குச் சொல்லாத நாட்டின் பெயர் பாய்க்குத் தெரியும். "அண்ணே, ஒங்க ஊழியத்துக்கு நாந்தேன் லாரி சர்வீசு," என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேலி பண்ணுவார்.

போன வருஷம் மழைக்காலத்தில் மனைவி போய்விட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரி வாசல் வரைதான் கொண்டுபோக முடிந்தது. மகளின் பாஸ்போர்ட் அந்த நாட்டு ஆபீஸில் விசா புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது; அவளால் வர முடியவில்லை. யாரோ பிடித்த போனில்தான் தாயின் அடக்கத்தைப் பார்த்தாள். அழவில்லை. வறண்ட கண்ணோடு, "அப்பா, ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் போயிருக்கிறாள், கல் மாதிரி இருக்கிறாளே! நானும்தான் அழவில்லை. ஆனால் எனக்கு நாற்காலி, பூ, வேன் என்று வேலை இருந்தது.

சபையார் வந்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள், டீ குடித்தார்கள். குறை சொல்ல முடியாது. பாயும் கம்பத்திலிருந்து வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினார். ஹால் வெறிச்சென்று ஆனது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சிரமம் வேண்டாமாம். ஒரு பாக்கெட் இட்லி மாவு ஒற்றை ஆளுக்குத் தீராமல் புளித்தது. படுக்கும்போது பக்கத்து அறையில் ஃபேனை ஓடவிட்டுவிட்டு வந்து படுப்பேன். உள்ளே யாரோ இருக்கிற மாதிரி ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

மகள் வீடியோவில் பேசும்போது பின்னால் ஒரு வயதான பெண்மணி வந்துவந்து போவார். தலையில் துணி சுற்றியிருப்பார், அகதியாக வந்தவர். மகள் அவரை அந்தப் பாஷையில் 'அம்மா' என்று கூப்பிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அந்தம்மாவுக்குச் சொந்தபந்தம் யாருமில்லையாக்கும்?"

"ஒரு மகன் இருக்கான்ப்பா. சண்டையில பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. வருவான் வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்காக."

இந்த வருஷம் லீவில் வந்த பாயின் தங்கை மகன் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அந்த அகதிப் பெண்மணி எப்படிப்பட்டவர் என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒங்க ஏலக்காயக் குடுக்கப் போன எடத்துல ஒருக்க மானம் போச்சு மாமா. பொம்பளைக எல்லாம் தரையில உக்காந்துருக்காக, அக்கா நடுவுல இருந்துச்சு. அந்தப் பெரியம்மா வாசலுக்கு வந்து சின்னக் கப்புல காபி குடுத்தாக. வாயில வைக்க முடியல, அம்புட்டுக் கசப்பு. பாவம், சீனிக்குக்கூட வழியில்ல போலன்னு கடைக்கு ஓடி ஒரு பை சீனி வாங்கியாந்தேன். பெரியம்மா பையத் திருப்பி எங்கையில குடுத்துட்டுச் சொன்னாக: 'இது துக்க வீடு மகனே. மூணு நாளைக்குக் காபியில சீனி போட மாட்டோம்.'"

"யாரு துக்கம்?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஒங்களுக்குத் தெரியாதா? அத்தைக்குத்தான் மாமா."

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கேயோ ஒரு வாடகை அறையில், என் மனைவியின் முகத்தைக்கூடப் பார்த்திராத பெண்கள், தங்கள் வீட்டுச் சாவு மாதிரி மூன்று நாள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தைத்த பையிலிருந்து ஏலக்காயை எடுத்து நுணுக்கியிருக்கிறார்கள். மகளைக் கூப்பிட்டேன்.

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?"

"அன்னைக்கு ராத்திரி பூரா பெரியம்மா மடியில கெடந்து அழுது தீத்துட்டேன்ப்பா. போன்ல ஒங்க முகத்தப் பாக்கும்போது கண்ணுல தண்ணி இல்ல. அங்கன நீங்க ஒத்தையில நிக்கிறீக. எனக்கு இத்தன பேரு இருக்காகன்னு எப்பிடிச் சொல்ல?"

கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தாள். அந்த நாட்டுக்குப் போன பிறகு முதல் தடவை. நான் சும்மா இருக்கவில்லை. அவள் அறைக்கு வெள்ளையடித்தேன், புது மெத்தை வாங்கிப் போட்டேன், ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைத்தேன். மனைவி போனதிலிருந்து பரணில் கிடந்த நட்சத்திரத்தை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடியில் கட்டவைத்தேன். "மக வருது, மக வருது" என்று நான் சொல்லாத கடை தேனி பஜாரில் இல்லை.

விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, பெரியம்மாவோட மகன் உசுரோட இல்லையாம். கூட ஜெயில்ல இருந்த ஆளு வந்து சொல்லிட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னையிலருந்து மூணு நாளு துக்கத்துக்கு உக்காருறாக. வர்றவுகளுக்குக் காபி ஊத்திக் குடுக்க வீட்டாளுன்னு அவுகளுக்கு யாருமில்லப்பா. இந்த டிக்கெட்ட மாத்தவும் முடியாது, இத விட்டா இனி அடுத்த வருசம்தான். நீங்க வான்னு சொல்லுங்க, வந்துர்றேன்."

வந்துரு ஆத்தா, இங்கனயும் ஒருத்தன் அனாதையாத்தான் கெடக்கான். இப்படிச் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை.

"ஒங்கம்மா போனப்ப ஒனக்கு ஊத்திக் குடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"அவுகதான்."

"பெறகு என்ன கேள்வி? இரு."

"அப்பா..."

"ஏலக்காய் இருக்கா?"

"இருக்குப்பா."

"நல்லா நுணுக்கிப் போடு." போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்த நாட்டையும் ஏரோப்பிளேன்காரனையும் ஆண்டவரையும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் காலை, துக்க வீடு மாதிரி வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன். காபித்தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஏலக்காயை நுணுக்கிப் போட்டு இறக்கினேன். பாலில்லை, சீனியில்லை. வாயில் வைத்தால் குமட்டியது. ஹாலில் பாயை விரித்து, இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் வருவார்கள்? யாருக்குத் தெரியும்? அன்றைக்குச் சாயங்காலம் சபைக் கேரல்காரர்கள் மட்டும் வந்து பாடிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கேக் கொடுத்தேன். மறுநாள் அதுவுமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பாய் வந்தார். தங்கை மகன் அங்கிருந்து போனில் பெரியம்மா வீட்டுத் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து, விரித்திருந்த பாயில் என் எதிரே உட்கார்ந்தார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் அஷ்டகோணலானது. அலமாரியில் சீனி டப்பா அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி வரை குடித்தார்.

"அந்தப் பெரியம்மா மகனுக்குக் குடிச்சாச்சு," என்றார். பிறகு காலி டம்ளரை மறுபடியும் நீட்டினார். "இன்னொரு வாய் ஊத்துங்கண்ணே. மதினி போனப்ப நான் சீனி போட்ட டீயக் குடிச்சிட்டுப் போயிட்டேன். இது அவுகளுக்கு."

ஊற்றினேன். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். அவள் போனதிலிருந்து அன்றைக்குத்தான் நான் அழுதேன்.