மேலிருந்து கீழே அந்தமான்

பெங்களூரு சுற்றுலாக் கண்காட்சியில் அந்தமான் கையேட்டைச் சும்மா கொடுத்தார்கள். கோவிந்தராஜ் இரண்டு வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று மனைவி அம்சவேணிக்கு. ஒரே புத்தகத்துக்கு வீட்டில் சண்டை வேண்டாம் என்றார்.

ஊரிகம் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டுக்கு வந்ததும் அவர் முன்பக்கத்திலிருந்து படித்தார்: பவளப்பாறை, அடியில் கண்ணாடி வைத்த படகு, கடல் குளியல். அம்சவேணி பின்பக்கத்திலிருந்து படித்தார்: ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் நம்பர்.

காரணம் இருந்தது. தங்கச் சுரங்கத்தின் கல்தூசி தின்ற நுரையீரல் கோவிந்தராஜுடையது. ஸ்டேஷனுக்கு நடந்தாலே பாதி வழியில் நின்று, சினிமா போஸ்டர் படிப்பதுபோல் பாவனை செய்வார்.

"தீவுல மூச்சு நின்னா யார்கிட்ட போறது? மீன்கிட்டயா?"

"மூச்சு இங்கயும்தான் நிக்கும், வேணி. இங்க பாக்கறதுக்கு இன்னா கீது? சுரங்கத்துல கொட்டின சயனைடு மண்ணு மேடு."

"நான் வரல. நீங்களும் போவல."

அம்சவேணி இல்லாமல் கோவிந்தராஜ் போக மாட்டார். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.

சுரங்க சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி பிடித்தவர் அவர். கையேட்டின் நடுப்பக்கப் படத்தில் தீவுகள் மேலிருந்து கீழாக ஒல்லியாக நீண்டு கிடந்தன. பார்த்ததும் கை பழைய வேலையைச் செய்தது. உச்சியில் திக்லிபூர், முதல் நாள். பிறகு சுரங்கத்தில் இறங்குவதுபோல் லெவல் லெவலாக இறக்கம். கடைசி நாள், அடியில் போர்ட் பிளேர்.

ஞாயிறன்று மகள் ரோஜா வந்தபோது பெருமையாக விரித்துக் காட்டினார். அம்சவேணியும் எட்டிப் பார்த்தார்.

"ஏரோப்ளேன் எங்க எறங்குது?"

"போர்ட் பிளேர்ல."

"அது அடியில கீது. நீங்க உச்சியில ஆரம்பிச்சிகீறீங்க. ஏரோப்ளேன் இன்னா சுரங்கத்துல எறக்கற கேஜா, மேலருந்து கீழ விடறதுக்கு?"

ரோஜா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

"ஷாஃப்ட்ல மேலருந்துதானே எறங்குவோம்," என்றார் கோவிந்தராஜ், பாவமாக.

"குடுங்க பென்சில."

அம்சவேணி வடக்கை முழுவதும் அடித்தார். போர்ட் பிளேரைச் சுற்றி வட்டம் போட்டார். "பெரிய ஆஸ்பத்திரி இங்க. கிட்டக்க படகுல போயி வர ஒரு தீவு. அவ்ளோதான்."

"அப்ப நீ வர்றியா?"

"பின்ன, உங்கள நம்பியா அனுப்புவேன்?"

ஜனவரியில் போனார்கள். ஆடியில் அவர் இறந்தார். சொல்ல வேண்டியது ஜனவரியை.

நீல் தீவு. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அம்சவேணியின் உத்தரவு. கோவிந்தராஜ் கீழ்ப்படிந்து நின்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கையைப் பிடித்திருந்த அம்சவேணிதான், ஓர் அலை வந்து மொத்தமாக நனைத்ததும், தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணி, எழுந்திரு. படகு போயிடும்."

"போனா போவட்டும். மூச்சு எப்படி கீது?"

அவர் ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"கீது."

"அப்ப உக்காருங்க."