இரண்டு பேர் சொன்ன சேதி

அந்தப் பேட்டையில் அவளுடைய பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மைக்கக்கா என்றால்தான் தெரியும். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஊர்க்காரர்களே நடத்திய வானொலி. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்திருந்தார்கள். பேசும்போது மின்விசிறி ஓடக்கூடாது. வேர்த்து ஒழுக ஒழுகத் தண்ணீர் வரும் நேரத்தையும், காணாமல் போன ஆட்டையும், சாவையும் அவள்தான் சொல்வாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். ஆனாலும் இருபது வருஷத்தில் அவள் சொல் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

ஆளாளுக்குப் போன் வந்தபிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தச் சேதியையும் இரண்டு பேர் சொல்லவேண்டும். இருவர் பெயரையும் நோட்டில் எழுதிய பிறகுதான் மைக்கைத் திறப்பாள். தங்கை புருஷன் குடோனில் மூட்டை தூக்குகிறவன், வாய்த்துடுக்கு. "மழை பெய்யுதுன்னு சொல்லணும்னாக்கூட அண்ணிக்கு ரெண்டு பேரு நனைஞ்சுட்டு வந்து நிக்கணும்" என்பான். ஊர் சிரிக்கும். போனில் எது வந்தாலும் "அக்கா சொல்லட்டும்" என்று காத்திருந்ததும் அதே ஊர்தான்.

ஒருமுறை மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் நண்பகலில் குடோன் இடிந்து விழுந்தது. உள்ளே ஒன்பது பேர், தங்கை புருஷனும் ஒருவன். தீயணைப்பு வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மைக்கக்கா கூப்பிட்ட குரலுக்கு ஊரே கடப்பாரையோடு ஓடியது. எடுத்தவர்களைக் கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

தங்கை வானொலி அறைக்கு வந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். சேதி முதலில் வருகிற இடம் அதுதானே.

இரண்டு மணிக்கு டீக்கடைக்காரர் போன் செய்தார். "எல்லாரையும் எடுத்துட்டாங்கக்கா."

அடுத்து லாரி டிரைவர். "ஒன்பது பேரும் உசுரோட இருக்காங்க. சொல்லிருங்கக்கா, ஊரு கெடந்து தவிக்குது."

இரண்டு பெயரும் நோட்டில் ஏறின. வழக்கமாக, "நீ கண்ணால பாத்தியா?" என்று குடைந்து எடுப்பாள். அன்று கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

"நிசமாக்கா?" என்றாள் தங்கை.

மைக்கக்கா மின்விசிறியை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தாள்.

தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தங்கையும் ஓடினாள். அங்கே எட்டுக் கட்டிலில் எட்டுப் பேர். அவள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். எட்டுப் பேர்தான்.

மறுபடி தோண்டி அவனை வெளியே எடுத்தபோது பொழுது இறங்கிவிட்டது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, உயிர் இல்லை. கையில் ஒரு செங்கல் துண்டு. பக்கத்துத் தகரத்தில் தட்டித் தட்டிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

"ஒனக்கு யாருப்பா சொன்னா?" என்று மைக்கக்கா டீக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"போன்ல வந்துச்சுக்கா."

டிரைவரும் அதையேதான் சொன்னான். இருவருக்கும் வந்தது ஒரே வரி. முதலில் எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் மைக்கில் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு. சொன்னவங்க பாக்கல. பாத்தீங்களான்னு நானும் கேக்கல." நீ என்னம்மா செய்வாய் என்று ஊர் அவளைத்தான் தேற்றியது.

மூன்றாம் நாள் தங்கை வாயைத் திறந்தாள். "அந்தச் சேதி எனக்கும் போன்ல வந்துச்சு. நீ சொல்றதுக்கு முன்னாடியே. நான் நம்பல. நீ சொன்ன, நம்பிட்டேன்." அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் மைக்கக்கா எதையும் நடந்துபோய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறாள். அதற்குள் சேதி ஆறி அவலாகிவிடுகிறது, கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் போகிறாள். எங்கே போவதானாலும் தங்கை வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். இவள் தலை தெரிந்ததும் அந்த ஜன்னல் சாத்திக்கொள்கிறது.