அம்மாவின் கல்யாண நாள் ஜெபம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில், அந்த வாரம் கல்யாண நாள் வருகிறவர்களைப் போதகர் முன்னால் கூப்பிடுவார். ஜோடி ஜோடியாகப் போய் முழங்கால் போடுவார்கள். அவர்கள் தலையில் அவர் கைவைத்து, இருவரும் நீண்ட ஆயுசோடு ஒன்றாக வாழ வேண்டும் என்று ஜெபிப்பார். அம்பத்தூரில் தகரக் கூரை போட்ட சின்ன சபை எங்களுடையது. யாருக்கு என்றைக்குக் கல்யாணம் ஆனது என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தவர். மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு இந்த ஒரு விஷயத்தில் அப்படி ஒரு வெட்கம். "நீ போ, நான் வந்துகினே கீறேன்" என்று அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்வரிசையிலேயே நெளிந்துகொண்டிருப்பார். அம்மா திரும்பி ஒரு முறை முறைத்தால்தான் அசைவார்.

போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு முதல் கல்யாண நாள் வந்த வாரம், ஞாயிறுக்கு முந்தின தினம், "இந்த வாரம் சபைக்குப் போவாதம்மா, ஆவடிக்கு என் ஊட்டுக்கு வந்துடு" என்றேன். மற்ற ஜோடிகள் முன்னால் போவதை அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டாமே என்று எனக்கு.

"நான் இன்னாத்துக்கு உட்காந்து பாக்கறேன்? நானும்தான் முன்னாடி போவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒண்டியா போய் இன்னா பண்ணுவ? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும்டி. உங்கப்பா கர்த்தர்கிட்ட கீறாரு. அங்க போய் நின்னா எனக்கு அவரு பக்கத்துல கீற மாதிரி கீது."

அம்மா கர்த்தரை உள்ளே கொண்டுவந்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. நானும் கூடவே போனேன்.

போதகர் கூப்பிட்டதும் இரண்டு ஜோடிகள் எழுந்து போயின. அம்மாவும் எழுந்தாள். எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாமா என்று என் கை பரபரத்தது. மற்றவர்களுக்குத் தடதடவென்று ஜெபித்துக்கொண்டு வந்த போதகர், அம்மா தலையில் கையை வைத்துவிட்டு நின்றுவிட்டார். வழக்கமாகச் சொல்கிற ஆசீர்வாதம் இவளுக்குச் சொல்ல முடியாதே.

"ஐயா, நானே பண்ணிக்கிறேன்" என்றாள் அம்மா.

"ஆண்டவரே, அவரை எனக்குக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம். இத்தினி வருசம் எங்கூட வச்சிருந்தீங்க, ஸ்தோத்திரம்." தலையை நிமிர்த்தினாள். "எடுத்துக்கினீங்களே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. அது வர்ற வரைக்கும் எங்கூடவே இருங்க."

அந்தச் சபையில் எத்தனையோ பேர் சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வந்தது, போனது எல்லாவற்றுக்கும் மூச்சுவிடாமல் ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். கடவுளிடம் இப்படி முகத்துக்கு நேராகப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை. அது என் அம்மா என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் என்றார்.

அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"பாரம் இறங்கிடுச்சாம்மா?"

"இறங்கலடி. ஆனா இப்ப நான் ஒண்டியா தூக்கல."