சம்பகவல்லிக்கு ஓர் எதிர்க்கடை

என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனுக்குக் காபியைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்கியது கிடையாது. மைசூரில் ரயில்வே கணக்கு ஆபீஸில் குமாஸ்தா. நெற்றியில் விபூதி, கையில் குடை. அப்படிப்பட்ட மனுஷர் சாராயக்கடைக் கதை எழுதினார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போங்கள். கூடவே குடித்தனம் பண்ணியவள் சொல்கிறேன்.

எல்லாம் பசவராஜால் வந்த வினை. இவரோடு ஆபீஸில் வேலை பார்க்கிறவர். எண்பத்து மூன்றிலோ நாலிலோ அவருடைய மைத்துனன் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆட்டப் பெட்டி கொண்டுவந்தான். ஒருவர் கதை சொல்லி நடத்த வேண்டும். மற்றவர்கள் வாள்வீரன், திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். காரியம் பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும். சொன்னது சொன்னதுதான், பகடையைத் தவிர யாரும் அதை மாற்ற முடியாது.

கதை நடத்துகிறவர் இவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் மண்டி மொஹல்லாவில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பசவராஜும் தபால் ஆபீஸ் பாலனும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பசவராஜ் வாள்வீரன், பாலன் திருடன். காடு மலை எங்கே சுற்றினாலும் கதை கடைசியில் 'மூன்று நிலா' என்கிற சாராயக்கடையில்தான் வந்து நிற்கும். வாரநாளில் இவர் அதை அழகாக எழுதி, மேலே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போவார். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள். மற்றவர்களுக்குப் பசவராஜ் கன்னடத்தில் சொல்லிவிடுவார்.

அந்தக் கடைக்கு முதலாளி ஒருத்தி. சம்பகவல்லி. அவள் இடுப்பைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் எழுதுவார். இடுப்போடு விட்டிருந்தால் சனியன் தொலைகிறது என்று இருந்திருப்பேன். பூதத்தோடு சண்டை போட்டுக் களைத்து வருகிறவன் முன்னால் குவளையை வைத்து, "சொல்லு" என்பாள். அவன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவான். எழுதுகிறவர் யார்? வீட்டில் 'காபி', 'குடை எங்கே', 'சாதம் போடு' இதற்கு மேல் வாயைத் திறக்காத மகானுபாவர்! அத்தனை பேச்சையும் அவளுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாரே என்று என் வயிறு எரிந்தது.

"இல்லாத ஒருத்தி மேல போய்ப் பொறாமைப்படறியே!" என்று என் தங்கை அன்னபூர்ணி சிரித்தாள். இருக்கிறவளாக இருந்தால் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேனே! இல்லாதவளை என்ன செய்வது?

அந்த வருஷம் தேவராஜ மார்க்கெட்டுக்கு மல்லிகை வர ஆரம்பித்ததும் இரண்டு முழம் வாங்கி வைத்துக்கொண்டு இவர் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒரு வார்த்தை? ஊஹூம். அடுத்த கதையில் பார்த்தால் சம்பகவல்லி தலையில் மல்லிகை! அது என் பூ. நான் பேரம் பேசி, ஈரத்துணியில் சுற்றி வைத்த பூ. அதை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளர்களை வைத்துவிட்டு நான் உள்ளே போகவில்லை. பாயில் உட்கார்ந்தேன்.

"நானும் ஆடறேன்."

"உனக்கு இதெல்லாம் சரிப்படாது, கனகா" என்றார் இவர்.

"தாயக்கட்டை உருட்டினவளுக்கு இது என்ன பிரமாதம்?"

பசவராஜுக்கு ஒரே உற்சாகம். "ஆட்லி சார், மேடமும் ஆடட்டும்! என்ன வேஷம் மேடம்? ராணியா?"

"சமையல்காரி. மூணு நிலாவுக்கு நேர் எதிரே கடை போடறேன்."

இவர் முகம் மாறியது. "அங்கே வெறும் பாறைடி."

"பாறை மேலதான் போடறேன். சொன்னது சொன்னதுதானே, ஏன்னா?"

உருட்டினேன். பத்தொன்பது விழுந்தது. என் கடை பாறை மேல் எழும்பிவிட்டது. சுடச்சுட பிசிபேளே பாத், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம் என்றேன். பாலன் என் கைச்சமையலை நிஜமாகவே சாப்பிட்டவர். "என் திருடன் எதிர்க்கடைக்குப் போறான்" என்றார். வாள்வீரன் அவனுக்கு முன்னால் ஓடினான். இவர் குடம் குடமாக மது ஊற்றிப் பார்த்தார், நாட்டியம் வைத்துப் பார்த்தார். மூன்று நிலாவில் சம்பகவல்லி ஈ ஓட்டினாள்.

அடுத்தடுத்த வாரமும் அதே கதைதான். ஆபீஸில் எல்லோரும், "மேடம் கடையில இந்த வாரம் என்ன?" என்று இவரையே கேட்டார்களாம். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். யாருக்கு யார் மேல் பொறாமை, பார்த்தீர்களா! நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் போய்விட்டதே என்று சமையலறையில் அழுதேன். நான் கடை போட்டது அவர் பேச்சுக்காக. கிடைத்தது வாள்வீரனும் திருடனும்.

பசவராஜ் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்குக் கதை நான் நடத்தறேன். சார், நீங்க ஒரு வேஷம் எடுங்க" என்றார்.

இவர் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் ஆள் எதிர்க்கடைக்கு வரான்" என்றார்.

"யாரு? ராஜகுமாரனா, மந்திரவாதியா?" என்று பாலன் கேட்டார்.

"குமாஸ்தா. ரயில்வே கணக்கு ஆபீஸ்ல."

சிரிக்கப் போன பாலன் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன வேணும்?" என்று கடைக்காரியாகக் கேட்டேன்.

"காபி."

"அது தினம் கேக்கறதுதானே. அப்புறம்?"

அவர் பகடையை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இதுக்குப் பகடை வேண்டாம். சொல்லுங்கோ."

சொன்னார். பிரமோஷன் கைவிட்டுப் போனதைச் சொன்னார். அவர் அம்மா காலமான வாரத்தில், ஆபீஸ் கணக்கில் தப்பு செய்து எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கியதைச் சொன்னார். எனக்கு ஒன்றுமே தெரியாது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நீ பூ வெச்சுண்டு நடந்ததைப் பார்த்தேன். உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. அவ தலையில வெச்சப்புறம்தான் சொல்ல வந்தது" என்றார்.

பசவராஜும் பாலனும் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியாது. காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.

கொஞ்ச நாளில் பிழைப்பில்லாமல் சம்பகவல்லி என் கடைக்கு வந்து வேலை கேட்டாள். அவள் குரலில் இவர்தான் கேட்டார். போனால் போகிறது என்று கொடுத்தேன். இன்றைக்கும் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். முன்பக்கம் வரக் கூடாது, பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.