குங்குமத்தில் மூன்று விரல்

இதைப் படித்துவிட்டு, அன்றைக்குக் குடித்திருந்தாயா என்று என்னைக் கேட்காதீர்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் குடிப்பதில்லை. நடந்தது பட்டப்பகலில். பக்கத்தில் ஆளும் இருந்தது.

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்து உலோகத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. போன கோடையில் ஒரு டெனிஷ் விதவையிடம் பழைய இராணுவத் துவக்கு ஒன்றை வாங்கினேன். பொலிஸ் அனுமதியோடுதான். துவக்குக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். துரு எடுத்து, மரக்கட்டைக்கு எண்ணெய் பூசி, புதிதுபோல் ஆக்கிவிட்டேன். அதால் ஒரே ஒரு வெடி வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஒரு சனியன் மட்டும் தீரவில்லை. போல்ட். குழலில் போடும் ரவைக்குப் பின்னால் அடைக்கிற இரும்புத் தண்டு. அதை மூடி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். காலையில் பார்த்தால் திறந்து கிடக்கும். ஸ்பிரிங்கை மாற்றினேன். திறந்தது. முழுதாகக் கழற்றி மறுபடி பொருத்தினேன். அப்போதும் திறந்தது. அலுமாரியின் ஒரே திறப்பு என் இடுப்பில். மனைவி தவமலரில் பாய்ந்தேன்.

"உங்கட இரும்பை நான் ஏன் தொடுறன்?" என்றாள்.

ஆயுத பூசை வந்தது. தையல் மெசினுக்குப் பக்கத்தில் துவக்கையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டாள். பூசையில் வைத்ததை விசயதசமிக் காலைவரை தொடக்கூடாது. ஆனால் சுடும் கழகத்தில் என் முறை பூசையன்று மத்தியானமே. விட்டால் வசந்தத்தில்தான். எடுத்தேன்.

போல்ட் திறந்திருந்தது. அதன் பிடியில் குங்குமம் கலைந்திருந்தது. மூன்று விரல் தடம். அவள்தான் என்று நினைத்துத் துடைத்தேன்.

கழகத்துக் கூட்டாளி பிரதீபன் காத்திருந்தான். பழைய துவக்கின் முதல் வெடியைக் கையால் வைக்கக்கூடாது. கார் ரயரில் இறுக்கிக் கட்டி, விசையில் கயிறு போட்டு, சுவருக்குப் பின்னால் நின்று இழுக்க வேண்டும்.

இழுத்தேன்.

சத்தமில்லை.

பொறுத்திருந்து, போய்ப் பார்த்தேன். போல்ட் திறந்திருந்தது. ரவை புல்லில் கிடந்தது. மறுபடி மூடினேன். இழுத்தேன். மறுபடியும் அதே... பிரதீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தலைக்கேறியது.

"கயிறும் மண்ணாங்கட்டியும். நான் படுத்துச் சுடுறன்."

"வேண்டாம் அண்ணை."

அவிழ்த்தேன். படுத்தேன். போல்ட்டை மூடினேன். கன்னத்தைக் கட்டையில் வைத்தேன்.

என் கைமேல் ஒரு கை.

குளிர்ந்திருந்தது... ஈரமாக.

கிளிக்.

போல்ட் எழும்பியது. நான் அமத்தினேன். அந்தக் கை எழுப்பியது.

திரும்பினேன். யாருமில்லை. பிரதீபன் சுவரடியில் நின்றான்.

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறவிக் குணம். போல்ட்டின் பிடியைக் கம்பியால் சுற்றி முறுக்கினேன். இனித் திற பார்ப்போம் என்று சத்தமாகவே சொன்னேன். மறுபடி படுக்கப் போனேன். பிரதீபன் என் தோளைப் பிடித்தான்.

"ஒருக்காக் கயிறு. பிறகு படுங்கோ."

அவனுக்காகக் கட்டினேன்.

இழுத்தேன்.

டமார்!

புகை அடங்கியபின் போனோம். இரும்புக்குள் பழைய வெடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. போல்ட் பின்பக்கமாகப் பறந்து மரத்தூணில் ஏறியிருந்தது. என் கன்னம் இருந்த இடத்தில் கட்டையே இல்லை. பிரதீபன் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் என் புறங்கையைப் பார்த்தேன். மூன்று சிவப்புத் தடம்.

அந்த விதவைக்குப் போன் எடுத்துக் கத்தினேன். முடிவில் மெதுவாகச் சொன்னார். இளவயதில் தன் புருஷனும் அதால் சுட்டாராம். சுட்ட கை பழுதானதாம். அதன்பிறகு சாகும்வரை தினமும் அதன் போல்ட்டைத் திறந்து வைப்பாராம், இனி யாரும் சுடக்கூடாது என்று.

"கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"இரண்டு விரல் போயிற்று."

மீதி எத்தனை என்று நான் கேட்கவில்லை.